ரைன் ஆற்றில் மூன்று இழுவை

ஈயக்குண்டு ஓட்டத்துக்கு எதிராக நகர்ந்துகொண்டிருந்தது.

சில்வெஸ்டர் தூண்டில் நூலை விரலால் தொட்டுப் பார்த்தான். ஒக்டோபர் கடைசியில் ரைன் ஆறு வற்றித் தெளிந்து குளிர்ந்துவிடும், கரையோர மீன்களெல்லாம் ஆழத்துக்கு இறங்கிவிடும். கற்களைக் குவித்து ஆற்றுக்குள் நீட்டிய இந்த வரம்பின் நுனியில் உள்ள குழிக்குள் குண்டைப் போட்டு, தரையோடு தரையாக மெல்ல இழுத்தால் சாண்டர் மீன் கட்டாயம் கொத்தும். ஓட்டம் குண்டைக் கீழே கொண்டுபோக வேண்டும். இதுவோ மேலே போகிறது. நூலில் சிக்கிய பழுத்த இலைகளிலிருந்து அழுகல் மணம் வந்தது.

அனுமதிச் சீட்டு இல்லாதவனுக்குத் தூண்டில் தடி ஏது? தடியென்றால் தூரத்திலேயே தெரியும், பொலிஸ் வரும், அகதி வழக்கு நாசமாகிவிடும். அதனால் மன்னார்க் கடலில் செய்ததுபோலவே நூலை மணிக்கட்டில் சுற்றி முடிந்திருந்தான்.

பின்னால் கல்லில் கொறற்றி இருந்தாள். கூட்டாளி டெனிஸ்டனின் மனைவி. அறைக்குள் இருக்க விசர் பிடிக்குது என்று கூடவே வந்தவள்.

"பாரிசுக்குப் போய் ரெண்டு கிழமை, அண்ணை. ஒரு ரெலிபோன் எடுக்க ஏலாதோ அந்த மனிசனுக்கு?"

"எடுப்பான், பிள்ளை."

எவ்வளவு சுலபமாக வந்தது பொய்! டெனிஸ்டன் பாரிசுக்குப் போகவேயில்லை. அன்றிரவு இதே வரம்பில் பாசி வழுக்கி விழுந்து, கல்லைப் பிடித்தபடி "மச்சான், கை தாடா" என்று அவன் கத்திக்கொண்டிருந்தபோது, பொலிஸ் படகின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. சில்வெஸ்டர் கரையோரப் புதர்ப் பற்றைக்குள் போய்ப் படுத்துவிட்டான். இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேளாமல் படகு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கத்தலும் நின்றது. இன்று மீன் ஒரு சாட்டுத்தான். பிணம் மிதந்துவிட்டதா என்று பார்க்க வந்திருந்தான். வராதே என்றால் சந்தேகப்படுவாள் என்று அவளையும் கூட்டி வந்திருந்தான். இவளுக்குத் தெரிந்தால்?

நூல் இழுபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. மறுபடி மூன்று.

மீன் இப்படி இழுக்காது. மன்னாரில் சங்கு குளிக்கிறவன், மூச்சு முட்டினால், வள்ளத்தில் இருப்பவனுக்குக் கயிற்றில் கொடுக்கிற இழுவை அது. தூக்கு. தூக்கு. டெனிஸ்டன் பத்து வருடம் சங்கு குளித்தவன்.

பனிமூட்டம் இறங்கிவிட்டது. அக்கரை தெரியவில்லை. நூலை அறுக்கக் கத்தி? வாளிக்குள். வாளி அவள் பக்கம்.

கொறற்றி எழுந்து வந்து நூலைத் தொட்டாள்.

"அண்ணை... இது அவரின்ர இழுவை."

"கல்லில கொழுவிட்டுது, பிள்ளை. விடு. கத்தியைத் தா!"

தரவில்லை. இழுத்தாள். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். முதலில் இலைகள் வந்தன. பிறகு விரல்கள். நகமே இல்லாத விரல்கள், நூலை இறுகப் பற்றியபடி. பிறகு முகம். ஊறி வெளுத்த முகம். கண்கள் திறந்திருந்தன. அவை கொறற்றியைப் பார்க்கவில்லை.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தலையை மடியில் ஏந்தி, சால்வையால் முடியைத் துவட்டினாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"கூப்பிட்டவரோ?"

பொய் வரவில்லை. தேடினான். வரவேயில்லை.

"ஓம்."

"கனநேரமோ?"

"ஓம்."

சில்வெஸ்டர் மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் கடித்தான். ஈரத்தில் இறுகிய முடிச்சு. அசையவில்லை.

"தனியக் கிடந்து பயந்துபோனார், அண்ணை," என்றாள் கொறற்றி, அன்பாக. "கொஞ்ச நேரம் கூட இருங்கோ."

மடியைச் சரித்தாள்.

உடல் ஆற்றுக்குள் சறுக்கியது. நூல் விறைத்து அவனை இழுத்தது. முழங்கால். இடுப்பு. ஐயோ, குளிர்! கழுத்து. நீருக்கடியில் ஒரு கை அவன் முதுகைச் சுற்றி அணைத்தது. மேலே, கலங்கலாக, கொறற்றி சால்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்து காற்றெல்லாம் போய்விட்டது. அவன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த அந்த நெஞ்சு ஏறி இறங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியது.