கோடிக் காம்பராவின் சுவர்

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. வேலாயி கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இலங்கை மலைநாட்டு டிக்கோயாவின் ஆடி மழையில் தரை சில்லிட்டுக் கிடந்தது, தகரக் கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டியது, அடுப்புச் சாம்பல்கூட ஈரத்தில் கட்டிதட்டிப் போயிருந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் கோடியில் இருந்த அவள் காம்பராவில் அந்த ஓரச் சுவர் மட்டும், காய்ச்சல்காரனின் முதுகைப் போல உள்ளங்கையில் சுட்டது.

அதில் பூசணம் பூத்திருந்தது. அது புதிதில்லை. மழை தொடங்கினால் லயத்தில் எல்லாக் காம்பராவிலும் பூக்கும். ஒரே கதவு, சன்னல் கிடையாது. அந்த ஒற்றை அறைக்குள்தான் அடுப்புப் புகையும், நனைந்த கம்பளியும், மூன்று பேரின் மூச்சும். வெளியே போக வழியில்லாத ஈரம் சுவரில்தான் போய் உட்காரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலாயி சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுக் கை எரியத் தேய்ப்பாள். மறுநாள் கொழுந்து பறித்துவிட்டு வந்து பார்த்தால் கறுப்பு இன்னும் ஒரு சாண் ஏறியிருக்கும்.

மகள் பேச்சியம்மாவுக்கு ஐந்து வயது. சித்திரையில் பிடித்த இருமல் அவளை விடவில்லை. வேலாயி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டர் பிள்ளையின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மருந்து பாதிதான் வேலை செய்யும், வீட்டுப் பூசணத்தைத்தான் பிள்ளை மூச்சோடு இழுக்கிறது, காற்றும் வெயிலும் வருகிற மாதிரி ஒரு சன்னல் வையுங்கள் என்றார். சொந்தமாக ஒரு சன்னல்கூட வைக்க முடியாத வீட்டில் இருக்கிறோம் என்று அவரிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மலையில் வேலை பார்க்கவைக்கும் கண்டாக்கையாவிடம் கேட்டாள். தோட்டத்துக் கட்டடத்தில் கைவைக்கக் கூடாது என்றார். சுத்தபத்தமாக இருந்தால் பூசணம் ஏன் வருகிறது என்றார். அவள் நகராமல் நின்றதும் குடையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கே பிரஜாவுரிமை இல்லாத ஒங்கள இந்தியாவுக்குக் கப்பலேத்தப் போறாங்க. போறவங்களுக்குச் சன்னல் என்னாத்துக்கு?"

வேலாயி அந்த லயத்தில் பிறந்தவள். அவள் அம்மாவும் அங்கேயே பிறந்து, அங்கேயே இருமிச் செத்தவள். கப்பலை அவள் கண்ணால் கண்டதில்லை. கூடையை ஆத்திரத்தோடு இழுத்துத் தலையில் மாட்டினாள்.

அடுத்த வாரம் தோட்டத்து ஆள் மூக்கன் சுண்ணாம்பு வாளியோடு வந்தான். பூசணத்தைச் சுரண்டாமலே மேலே பூசிவிட்டுப் போனான். ஒரு பொழுதுக்குச் சுவர் பளிச்சென்று நின்றது. அன்று விளக்கு வைக்கும் நேரத்தில், பழைய சாக்குமூட்டையை அவிழ்த்தாற்போல ஒரு வாடை எழுந்தது. அதற்குள் லேசான இனிப்பு, அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு. பிறகு, சுண்ணாம்புக்கு அடியிலிருந்து, யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல். பேச்சியின் இருமல்.

பேச்சி வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் காம்பரா இல்லை. தண்ணீர் ஓடும் கானும் புல்லும் மழையும்தான்.

கணவன் மாயாண்டியிடம் சொன்னாள். எலியாக இருக்கும் என்றான். கண்டாக்கையாவோடு மல்லுக்கு நின்றால் இருக்கிற வேலையும் போய்விடும் என்று முணுமுணுத்துவிட்டு, அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டான். கதகதப்பாக இருக்கிறதாம். வேலாயிக்கு அவன்மேலும் ஆத்திரம் மூண்டது.

அந்த ஞாயிறு நண்பகலில் மூடுபனி இறங்கி லயத்து வாசலை விழுங்கியிருந்தது. பேச்சிக்கு இருமல் வந்து, மூச்சு திரும்பாமல், உதடு நீலம் பாரித்தது. முதுகைத் தட்டித் தட்டி மூச்சை மீட்டதும் வேலாயி அவளைக் கீழே கிடத்திவிட்டுப் பக்கத்துக் காம்பராவில், சன்னலுக்குச் சுவரைக் குத்தித் திறக்க ஓர் இரும்பு அலவாங்கு வாங்கி வந்தாள். கண்டாக்கையா வரட்டும், துரையே வரட்டும்.

"வெளிய போயி நில்லுங்க. முனை வந்தவொடனே சொல்லுங்க" என்றாள் மாயாண்டியிடம்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து போனான்.

ஓங்கிக் குத்தினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. மண் உதிர்ந்தது. கல் ஒன்று புரண்டு விழுந்தது. அதற்குப் பின்னால் மண்ணும் இல்லை, கல்லும் இல்லை. கறுப்பாக, பூனை மயிர்போல மெத்தென்று எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் குத்தினாள். அலவாங்கு தடையில்லாமல் உள்ளே போனது. முழங்கை நீளம். இன்னும் கொஞ்சம். சுவரின் கனமே ஒரு முழம்தான். அலவாங்கின் பிடிமட்டும் அவள் கையில் மிஞ்சியது.

"வந்துருச்சா?"

"ஒன்னும் வரலியே, வேலாயி." அவன் குரல் சுவருக்கு வெளியே, பக்கத்தில், தெளிவாகக் கேட்டது. "சொவரு அப்பிடியேதான் இருக்கு."

அலவாங்கு அவள் கையில் அசைந்தது. அவள் அசைக்கவில்லை. மெதுவாக, உறிஞ்சுவதுபோல, அது உள்ளே போனது. பிடியை விட்டாள். பிடியும் போனது.

ஓட்டையிலிருந்து காற்று வந்தது. சூடான காற்று. கண்ணெல்லாம் கறுப்புத் தூள்.

பேச்சியை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். எதிரே மாயாண்டி வந்தான். பிள்ளை நனைகிறதே, கம்பளியை எடுத்து வருகிறேன் என்று, அவள் தடுக்குமுன் உள்ளே நுழைந்தான். கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. காற்றில்லை. மூடிக்கொண்டது.

அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. கதவை உதைத்தாள். அசையவில்லை. அடுத்த கதவை அடித்தாள். அதற்கடுத்த கதவை அடித்தாள். தோட்டத்தையும் கண்டாக்கையாவையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே அடித்தாள். "வெளிய வாங்க. எல்லாரும் வெளிய வாங்க." ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு குரலும் இல்லை.

வாசலில் பின்வாங்கி நின்று பார்த்தாள். கூரைக்கடியில் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் புகை கசிந்து வந்தது. நின்றது. பிறகு, எல்லாக் காம்பராவிலும் ஒன்றாக, புகை திரும்பி உள்ளே போனது.

மறுபடியும் வெளியே. மறுபடியும் உள்ளே.

தோளில் கிடந்த பேச்சி இருமவில்லை. சித்திரைக்குப் பிறகு முதல்தடவையாக அவள் நெஞ்சு இழுப்பில்லாமல், நிதானமாக, ஏறி இறங்கியது. வேலாயி ஒரு கணம் சாமியைக் கூப்பிட வாயெடுத்தாள்.

கூரைப்புகை உள்ளே போனபோது பிள்ளையின் நெஞ்சு ஏறியது. வெளியே வந்தபோது இறங்கியது.

உள்ளே. வெளியே.

வேலாயி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புகை கூரையோரத்தில் அப்படியே நின்றது, காத்துக்கொண்டு.