இரண்டு மணிக்கு ஓடும் இஞ்சின்

ஆதம்பாக்கத்தில் இருந்தது மெஹபூப் அலியின் ஒர்க்‌ஷாப். சாந்தோமிலிருந்து ராஜநாயகம் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது காலை பத்து மணி. ஐந்து வருட வண்டி. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு மாதமாக ஒன்பதுகூடத் தேறவில்லை. ராஜநாயகம் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பி, மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மெஹபூப் அலி நிதானமான ஆள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளில் கரியில்லை. டயர்களில் காற்று சரி. ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுழற்றினார். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. பெட்ரோல் ஒழுகும் வாடையும் இல்லை. கடைசியாக ஸ்கேனரை மாட்டி, அதன் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டில கோளாறு இல்ல சார். இஞ்சின் ஓடின நேரம் ஜாஸ்தி, போன தூரம் கம்மி. நின்ன எடத்துலயே ரொம்ப நேரம் ஓடிக்கீது. ஏசி போட்டுக்கினு யாராச்சும் உள்ள உக்காருறாங்களா?"

வீட்டில் தன்னைத் தவிர யாருமில்லை, சாவியும் தன்னிடம்தான் இருக்கிறது என்றார் ராஜநாயகம். வெளியே எடுக்காத நாட்களில்கூட, சாயங்காலம் வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டித் தேங்கியிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருநாள் பார்க்கிறேன் என்றார் மெஹபூப் அலி.

மறுநாள் மதியம் இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிடம் இருக்கும், போன் வந்தது.

"சார், கொஞ்சம் வர முடியுமா." குரல் அடங்கியிருந்தது. "பேட்டரி மேஜை மேல கீது. வண்டி ஓடிக்கினு கீது."

ஆட்டோ கிண்டியைத் தாண்டும்வரை ராஜநாயகம் கண்ணைத் திறக்கவில்லை.

போன மே மாதம், இதே மதியம் இரண்டு மணி. தி.நகரில் மனைவி லூயிசாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கப் போயிருந்தார்கள். படியேற முடியாது, வண்டியிலேயே இருக்கிறேன் என்றாள் அவள். "ஏசி ஓடட்டுமேங்க" என்றும் கேட்டாள். பத்து நிமிஷத்துக்கு எதற்குப் பெட்ரோலை வீணாக்க வேண்டும் என்று சொல்லி, இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ரிப்போர்ட் தயாராகவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்தபோது அவள் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார். ஏற்கெனவே பலவீனமான இதயம் என்றார் டாக்டர். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் ஏசியை நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை, மகள் ஷில்பாவிடம்கூட.

ஒர்க்‌ஷாப்பில் வேலை நின்றுபோயிருந்தது. மெஹபூப் அலி வாசலில், வெயிலிலேயே நின்றார்.

உள்ளே கார் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளின் வெளிப்பக்கம் நீர் பூத்து வழிந்தது. அடியில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

சொட்டு.

சொட்டு.

ராஜநாயகம் கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது. கூடவே, அவள் பூசும் சந்தனப் பவுடரின் மணம்.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

அவர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் நிறுத்தினேன், லூயிசா. நீ கேட்டே. நான் கேக்கல."

இஞ்சின் நின்றது.

காற்று நின்றது. ஆனி மாதப் புழுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நிறைந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது, மூச்சு கனத்தது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஹபூப் அலிதான் பயத்தை விழுங்கிக்கொண்டு ஓடிவந்து, கதவைத் திறந்து, அவரைக் கைத்தாங்கலாக வெளியே இறக்கினார்.

தண்ணீர் கொடுத்தார். முகம் துடைக்கத் துண்டு கொடுத்தார். அன்றைக்கே பேட்டரியை மாட்டி வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு இஞ்சின் தானாக ஓடவில்லை. அடுத்த முறை டேங்க் நிரப்பியபோது கணக்குப் பார்த்தார். பதினேழு. பெட்ரோல் பங்க்கில், எல்லார் முன்னாலும், ராஜநாயகம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் போய்விட்டாள். இந்த முறையும் அவர்தான் அனுப்பியிருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வழக்கத்தைவிட ஏசியைக் கூட்டிவைத்திருந்தார். அடையாறு பாலத்தில் வண்டி ஏறியபோது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று மின்ன ஆரம்பித்தது. கூடவே விடாத பீப் சத்தம்.

தன் சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். போட்டிருந்தார்.

சத்தம் நிற்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து, பெல்ட் போடாமல் இருந்தால் மட்டுமே எரியும் விளக்கு அது.

பாலம் இறங்கியதும் வண்டியை ஓரங்கட்டினார். காலி இருக்கையின் மேல் கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, கொக்கியில் மாட்டினார்.

பெல்ட் தட்டையாகப் படியவில்லை.

சத்தம் நின்றது.