திரும்பி வந்து கேட்ட தண்ணீர்

வெண்ணாத்துப்பாளையத்தில் போலீஸ்காரருக்கு யாரும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். மோர் கொடுப்பார்கள், டீ கொடுப்பார்கள், கருப்பட்டிக் காப்பிகூடக் கொடுப்பார்கள். தண்ணீர் மட்டும் கிடையாது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலர் ஒருத்தர் சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு, மிட்டாய்க் கடை வாசலில் மறந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுவிட்டார். கடைக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். அப்புறம், தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அழ ஆரம்பித்துவிட்டார். நடந்து ஆறு வருஷம் ஆகிறது, ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

அதனால்தான் மருதி எங்கே போனாலும் தோளில் குடுவை இருக்கும். அன்றைக்கும் காலை ஏழு மணிக்குப் பூ மார்க்கெட் வழியாக ரோந்து போனபோது இருந்தது. அரைக் குடுவைதான். ஊரின் குடிநீர்க் குளம் ஒரே இரவில் வற்றிப்போய் அது ஐந்தாவது நாள். யாரோ மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். தெருவுக்கு ஒரு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வரிசையில் குடங்களோடு நின்றவர்கள் மருதியைப் பார்த்ததும், அதற்காகக் கந்தவேல் என்பவரைப் பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

மருதி இருளர் பெண். வயது நாற்பத்து நான்கு. மலைச்சரிவுகள் இடிந்து சாலைகள் அறுந்த அந்தப் பெருமழைக்குப் பிறகு, அரசு அதிகாரிகள் இறங்கிப் போய்விட்ட அடிவாரத்தை பதிகள் என்று சொல்லும் இருளர் குடியிருப்புகள்தான் தாங்கிப் பிடித்தன. வழி காட்டினார்கள், காணாமல் போனவர்களைத் தேடினார்கள், சண்டைகளைத் தீர்த்து வைத்தார்கள். அந்தப் பழக்கத்திலேயே மலைக் காவல் சட்டம் வந்தது. மலையும் அடிவார ஊர்களும் பதிகள் நடத்தும் காவலின் கீழ் வந்தன. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஓட்டுப் போட்டு, அந்தக் காவல் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லும். முதல் தடவை தொடரலாம் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டாவது ஓட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று வெள்ளி.

சட்டத்தை எழுத உட்கார்ந்தபோது பதிகளின் பெண்கள் ஒரு விதியைப் பிடிவாதமாகச் சேர்த்தார்கள். ஒருவர்மேல் குற்றம் சொல்லப் போகிற காவலர், அவர் வீட்டு வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்க வேண்டும். அதைக் குடித்த பிறகுதான் வந்த காரணத்தைச் சொல்லலாம். சொன்ன குற்றம் தப்பென்று தெரிந்தால், அதே காவலர் அதே வழியாகப் பட்டப்பகலில் நடந்துபோய், அதே வாசலில் மறுபடியும் தண்ணீர் கேட்க வேண்டும். வீட்டார் கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் இடுப்புப் பட்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அதோடு வேலை போயிற்று. இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒன்பது பேர் அப்படித் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒன்பது வீடுகளிலும் தண்ணீர் கிடைத்தது.

ரோந்து முடிந்து நிலையத்துக்கு வந்தால், பழைய லாக்கப்பில், இப்போது அது செய்தித்தாள் படிக்கிற அறை, குளத்து வாட்ச்மேன் மாணிக்கராசு உட்கார்ந்திருந்தார். மருதியைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"மதகத் தெறந்தது நாந்தானுங்க அம்மிணி. சேறு கழுவலாமுன்னு தெறந்தேன். மூட மறந்து வூட்டுக்குப் போயிட்டனுங்க. அந்தக் கந்தவேலு சம்சாரத்த நெனச்சா அஞ்சு நாளாச் சோறு எறங்கல."

மருதியின் கண் தானாகக் கீழே போனது. அவர் காலில் கிடந்த பூட்ஸில் வலது கால் அடிப்பாகம் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய சாமான் வைக்கிற அலமாரி இருக்கிறதே, அங்கே எடுத்தாராம்.

கந்தவேல் பஸ் பணிமனை மெக்கானிக். ஒரு விபத்தில் முறிந்து சேர்ந்த வலது காலை வெளிப்பக்கம் திருப்பித்தான் வைப்பார். அவர் பழசென்று அந்த அலமாரியில் வைத்துவிட்டுப் போன பூட்ஸ்தான் இது. மதகடிச் சேற்றில் அந்தத் தேய்மானத்தைப் பார்த்த நொடியில் மருதி அவர் பெயரைச் சொல்லிவிட்டாள். தெருவுக்கு அடியில் புதைத்திருக்கும் நடைவாசிப்பான், ஊரில் ஒவ்வொருவர் நடையையும் அதிர்வை வைத்தே கண்டுபிடித்துவிடும் கருவி, அன்றிரவு குளத்துச் சாலையில் போனவர் யாரென்று உறுதியில்லை என்றுதான் சொன்னது. இருளர் கண்ணுக்கு முன்னால் இந்த மெஷின் என்ன என்று ஊரே சிரித்தது. மருதியும் சிரித்தாள். பூட்ஸைப் படித்தவள், அதற்குள் இருந்த காலைப் படிக்கவில்லை.

தலைக்காவலர் பத்ரனும் அவள் பதிக்காரர்தான். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் தங்கள் பாஷையில் சொன்னார்.

"குதிகால் ஆழமா விழல மருதி. நொண்டுற காலுன்னா ஆழமா விழும். எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ பேர் சொல்லிட்டியே."

ஒருவர் படித்துப் பெயர் சொல்லிவிட்ட தடத்தை இன்னொருவர் மறுத்துப் படிக்க மாட்டார். அவர்கள் காட்டில் அது மரியாதை. தேன் எடுக்கப் போகும்போதும், தொலைந்த மாட்டைத் தேடும்போதும் அந்த மரியாதையால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை. இங்கே அதனால் ஒரு மனுஷன் ஐந்து நாள், பிடிபட்டவர்களை வைக்கிற மன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இனிமேல் எந்தத் தடத்தையும் இரண்டு பேர் படிக்க வேண்டும் என்று எழுதிப்போடச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

நிலைய எழுத்தர் சம்பத் வாசலில் மறித்தார். ஊர்க்காரர், நல்ல மனுஷர். மலைக் காவல் இந்த ஊரில் வேர்விட வேண்டும் என்று அவளைவிட அதிகம் ஆசைப்பட்டவர்.

"ரெண்டே நாள் பொறுங்கம்மா. ஓட்டு முடியட்டும். கந்தவேல இப்பவே சத்தமில்லாம வூட்டுக்கு அனுப்பிரலாம். திங்கக்கெழம நானே உங்ககூட நடந்து வாரேன். இன்னிக்கு நீங்க தெருவுல எறங்கினா, இருளர் கண்ணே தப்பாப் படிக்குதுன்னு பேசுவாங்க. எல்லாம் போயிருமுங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அது மருதிக்கும் தெரியும். தோற்றால் அவள் வேலை மட்டும் போகாது. மலையில் நாற்பது பதிகள் பதினான்கு வருஷமாகத் தலைநிமிர்ந்து நடந்ததும் போய்விடும்.

ஆனால் அவளுக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஏழு வயதில் எஸ்டேட்டில் ஏதோ திருட்டு என்று பழைய போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. நாற்பது நாள் கழித்து உண்மையான ஆள் அகப்பட்டதும் விட்டுவிட்டார்கள். விட்டார்களே தவிர, அவர் செய்யவில்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். சாகும்வரை அப்படித்தான் இருந்தது. அந்த விதியைச் சேர்க்கச் சொன்ன பெண்களில் மருதியின் அம்மாவும் ஒருத்தி.

"இன்னிக்கேதான் போகணும் சம்பத். நான் அவரக் கூட்டிட்டு வந்தது பதினோரு மணி, அதப் பாத்தவங்க அப்பத்தான் தெருவுல இருப்பாங்க. இன்னும் நேரமிருக்கு."

மன்று வீட்டுக்குப் பூட்டு கிடையாது. போக மாட்டேன் என்று சொல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே சிறை. கந்தவேல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டார். வந்த அன்று அவளுக்குப் பின்னால் நடந்தவர் இன்று பக்கத்தில் நடந்தார். அவர் கால் மெதுவாகத்தான் வரும். மருதியும் மெதுவாக நடந்தாள்.

பூ மார்க்கெட் முனை, பஸ் ஸ்டாண்ட், தறிக்காரர் வீதி என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனதை யார் யார் பார்த்தார்களோ அந்த இடங்களிலெல்லாம் நின்றாள். தன் பெயர் மருதி என்றும், தான் சொன்னது தப்பென்றும், இவர் அதைச் செய்யவில்லை என்றும் சொன்னாள். முதல் இடத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி நின்று காதுகொடுத்துக் கேட்டார். தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாராவது திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கந்தவேலின் மனைவி நித்திலா வாசலிலேயே நின்றிருந்தாள். சேதி அதற்குள் போய்விட்டது. புருஷனைப் பார்த்ததும் முகம் கோணிக்கொண்டு வந்தது, ஆனால் அழவில்லை. அவள் பின்னால் மூன்று குடங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"என் பேர் மருதி. நான் சொன்ன குத்தம் தப்பு. தண்ணி குடுங்க."

நித்திலா கவிழ்ந்த குடங்களைக் கை காட்டினாள். பிறகு சொன்னாள்.

"நீங்க குடிச்சுட்டுப் போன அன்னிக்கு மத்தியானம் லாரி வந்துச்சுங்க. குளத்தக் காலி பண்ணுனவன் பொண்டாட்டிக்கு இங்க என்ன தண்ணின்னு வரிசைல இருந்து தள்ளி உட்டாங்க. எங்கூடப் படிச்சவ தள்ளி உட்டா. அஞ்சு நாளா ஆத்தங்கரைல ஊத்துத் தோண்டி மொண்டுட்டு வாரேன். உங்க மேல கோவமில்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். தர முடியாதுங்க."

கந்தவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் படியேறி உள்ளே போய்விட்டார்.

மருதி பட்டையைக் கழற்றினாள். பதினான்கு வருஷப் பட்டை, கொக்கி சட்டென்று வரவில்லை. அதைப் படியில் வைத்தபோது கண் கலங்கியது, மறைக்கவில்லை. வேலை போகிற துக்கம் இருக்கத்தான் செய்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அம்மாவின் வாசலில் இப்படி வந்து நிற்க ஒருத்தரும் இல்லை. தர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அம்மாவுக்கு ஒரு ஆள் கிடைக்கவே இல்லை. நித்திலாவுக்குக் கிடைத்துவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

அப்புறம் நடந்ததைப் பத்ரன்தான் அவளுக்குச் சொன்னார். சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாளாம். வரிசையில் தள்ளிவிட்ட அந்தச் சிநேகிதி. தன் பெயரைச் சொல்லி, தான் செய்தது தப்பென்று சொல்லித் தண்ணீர் கேட்டாளாம். அவள் பின்னால் எதிர்வீட்டுக்காரர், அவர் பின்னால் லாரிக்காரர் என்று வாசலில் ஒரு வரிசையே நின்றதாம். இப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவர்களுக்கு இல்லை. அந்த வீட்டில் இருந்ததே ஊற்றுத் தண்ணீர் ஒரு குடம். நித்திலா சிலருக்குக் கொடுத்தாள், சிலரை நாளைக்கு வரச் சொன்னாள், எதிர்வீட்டுக்காரரை வரவே வேண்டாம் என்றுவிட்டாள். அவர் மறுபடியும் மறுநாள் போய் நின்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டில் மலைக் காவல் தொடர்ந்தது. போன தடவையைவிட அதிக ஓட்டு. சம்பத்துக்கு நம்பவே முடியவில்லை. மருதியின் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஊரில் கையெழுத்துகூட வாங்கினார்கள். மருதி சம்மதிக்கவில்லை. கொடுத்துவிட்டால் நித்திலா சொன்ன வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று கேட்டாள். காவலர் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு, தறிக்காரர் வீதியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, நாற்றுப் பண்ணையில் வேலைக்குப் போனாள்.

குளம் நிரம்ப இன்னும் நாளாகும். அடுத்த புதன்கிழமை காலை அவளும் இரண்டு குடங்களோடு லாரி வரிசைக்கு வந்தாள். முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்குத் தலையாட்டிவிட்டுக் கடைசிக்குப் போனாள். வெயில் ஏறிவிட்டது. குடுவை இல்லாத தோள் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நித்திலா தன் குடத்தை நிரப்பிக்கொண்டு வரிசை ஓரமாக வந்தவள், அவளுக்குப் பக்கத்தில் குடத்தை இறக்கி வைத்தாள். மடியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்.

"இப்பக் கேளுங்க," என்றாள்.

பதினான்கு வருஷமாக அவள் வாயிலிருந்து தண்ணீர் என்ற வார்த்தை வந்தால் ஒரு வீடு நடுங்கும்.

"தாகமா இருக்குது நித்திலா. கொஞ்சம் தண்ணி குடு."

வரிசையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நித்திலா டம்ளரை நிறைய மொண்டு அவள் கையில் கொடுத்தாள். மருதி அண்ணாந்து குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.