மூன்றாம் அடியில் மாட்டிய சங்கீதம்

மூன்றாவது அடியிலேயே அவள் குரல் மாட்டிக்கொண்டது. மேலே போக இடமில்லை... கீழே இறங்க வழி தெரியவில்லை.

அந்தக் கிறிஸ்தவ சபையில் வாத்தியம் கிடையாது. பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களை மட்டும், வெறும் குரலால் பாடுவார்கள். ஒருவர் முன்னால் நின்று அடியை எடுத்துக் கொடுக்க, சபை சேர்ந்துகொள்ளும். இருபது வருடமாக எடுத்துக் கொடுத்த அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன்; குரலில்லாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நூற்றைம்பது சங்கீதமும் மனப்பாடமாகத் தெரிந்த மகளுக்கு அன்றுதான் முதல் ஞாயிறு. பயத்தில் எக்கச்சக்க உயரத்தில் ஆரம்பித்துத் தொலைத்தாள்.

சபை திணறியது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஓர் ஆண்குரல் அதே அடியைக் கீழே இறக்கிப் பாடியது. மொத்தச் சபையும் அதன் பின்னால் நிம்மதியாக இறங்கிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த தலை... சிரிக்கும் கண்கள். அந்தக் கண்களைத் தனக்குப் பிடிக்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்தாள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவனை மடக்கினாள். மழை இன்னும் விடவில்லை.

"உங்கள யாருங்க பாடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. மேல மாட்டிக்கிட்டவங்கள கீழ இறக்கிவிட்டே பழகிடுச்சு."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று மழையில் இறங்கினாள்.

வீட்டில் அப்பா காகிதத்தில் எழுதி நீட்டினார். 'அடுத்த வாரம் அந்தத் தம்பி எடுக்கட்டும். சபை முழுக்கப் பாடணும். அதுதான் முக்கியம்.'

சரியென்று தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதாள். சின்ன வயதிலிருந்து காத்திருந்த இடம், ஒரே வாரத்தில் பறிபோயிற்று. போதாக்குறைக்கு அந்தக் கண்கள் வேறு... வேளைகெட்ட வேளையில் நினைவுக்கு வந்தன.

அடுத்த ஞாயிறும் அவன் வந்திருந்தான். அப்பா சைகை காட்ட, முன்னால் வந்தான். ஆனால் பாடவில்லை.

"மன்னிக்கணும் ஐயா. போன வாரம் மழைக்குத்தான் ஒதுங்கினேன். உள்ள வந்து உக்காந்தது இவங்க குரலக் கேட்டு. சின்ன வயசுல சர்ச்சுல பாடின பழக்கம், சுருதி பிடிக்கத் தெரியும். அவ்வளவுதான். புத்தகம் பாக்காமலே பாடினாங்க, இவங்களுக்குத்தான் அத்தனையும் மனசுல இருக்கு. இவங்களே எடுக்கட்டும்."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். தனியாக முடியாது என்று இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்வதா என்று கௌரவம் முரண்டு பிடித்தது.

"தனியா எடுக்க பயமா இருக்கு," என்றாள் கடைசியில். "பக்கத்துல நின்னு சுருதி குடுங்க."

அவன் மெல்ல ஹம் செய்தான். அவள் பிடித்துக்கொண்டாள். நூறாம் சங்கீதம் பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. போன வாரம் பாதியில் வாயை மூடிக்கொண்ட பெரியவர்கள்கூடக் கண்ணை மூடி, மனம்விட்டுப் பாடினார்கள். அப்பா உதட்டை மட்டும் அசைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியே நல்ல வெயில். ஒதுங்கக் காரணமில்லாமலே இருவரும் வாசலில் நின்றார்கள்.

"அடுத்த வாரமும் வருவீங்களா?"

"வரச் சொல்லுங்க, வர்றேன்."

"சுருதிக்காக மட்டும் இல்ல..." காது மடல் வரை அவளுக்குச் சூடேறியது. "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். பிறகு, "இதைச் சொல்லத்தான் மூணு நாளா ஒத்திகை பார்த்தேன்," என்றான். "எனக்கும்தாங்க... ரொம்ப. ஐயாகிட்ட ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாமா?"

"இப்பவேவா?"

"இப்பவே."

அப்பா இன்னும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இருவரும் சேர்ந்தே உள்ளே நடந்தார்கள். அவள் பாதி வழியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.