சொல்லாமல் விட்ட வெயில்

"இதை வித்தது நீங்களோ?"

கண்ணாடி மேசையில் சின்னப் பழுப்புப் போத்தல் ஒன்று 'டொக்'கென்று வந்து உட்கார்ந்தது. துஷாந்தினி நிமிர்ந்தாள். முதலில் கண்கள்தான் தெரிந்தன... மழை நனைத்த இமைகளோடு, கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்த இரண்டு கண்கள். பாருங்கள் பிள்ளைகளே, அந்தக் கண்களை வேறொரு நாளில் அவள் முதன்முதலாகப் பார்த்திருக்கக் கூடாதா?

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஜாபிர் நானாவின் வாசனை எண்ணெய்க் கடை அது. லெவெண்டர், ரோஸ்மேரி, டீ ட்ரீ, கறுவா, சந்தனம்... எது பருவுக்கு, எது முடிக்கு, எது நித்திரைக்கு என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏழு வருஷமாக அங்கே நிற்கிறாள்.

வந்து உட்கார்ந்த போத்தலில் இருந்தது எலுமிச்சை எண்ணெய்.

"என்ர தங்கச்சி றஷ்மி உங்களிட்டத்தான் வாங்கினவ. முகத்தில பூசிக்கொண்டு ஆடிவேல் திருவிழா பாக்கப் போனவ. செட்டியார் தெருவிலயிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் தேருக்குப் பின்னால நடந்திருக்கிறா. இப்ப பாருங்கோ."

ஃபோனை நீட்டினான். இரண்டு கன்னமும் வெந்து, கறுத்து, திட்டுத் திட்டாக...

"வெயில் படக்கூடாதெண்டு ஏன் சொல்லேல்லை?"

அந்தப் பிள்ளையைத் துஷாந்தினிக்கு நன்றாக ஞாபகம். "அக்கா, வாற மாசம் கனடாவிலயிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருகினம். முகம் பளிச்செண்டு இருக்கவேணும்" என்று சொல்லிச் சிரித்தவள். பேசிவந்த இரண்டு சம்பந்தமும் குழம்பி, முப்பத்துமூன்று வயதில் நின்ற துஷாந்தினிக்கு அந்தச் சிரிப்புக்கு முன்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. தேங்காய் எண்ணெயில் இரண்டு துளிதான் கலக்க வேண்டும் என்றோ, எலுமிச்சை பூசிய முகத்தோடு வெயிலில் போகக் கூடாது என்றோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. பையில் போட்டாள், கொடுத்தாள், அனுப்பிவிட்டாள்.

உள்ளேயிருந்து ஜாபிர் நானாவின் குரல் வந்தது. "புள்ள, சொல்லித்தானே குடுத்தீங்க?"

"ஓம் நானா. ரெண்டு தரம் சொன்னனான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கலியாணக் கனவில நிண்டவ... காதில விழுந்திருக்காது."

அவன் சுருங்கிப் போனான். "அவ எப்பவும் அரைக் காதுதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவன் பெயர் பிரதீஸ். கொட்டாஞ்சேனையில் வீடு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க் வேலை. அடுத்த கிழமையும் வந்தான், தங்கச்சிக்கு என்ன பூசலாம் என்று கேட்க.

"இப்ப ஒரு எண்ணெயும் பூசவேண்டாம். தோல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. வெளியில போனால் குடை."

"எண்ணெய்க் கடையில எண்ணெய் வேண்டாம் எண்டு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கிறன்."

அதற்குப் பிறகு அவனுக்கே ஏதாவது ஒன்று தேவைப்பட்டது. நித்திரை வரவில்லையாம், லெவெண்டர். அது முடிந்தபின் ரோஸ்மேரியை எடுத்து முகர்ந்தான்.

"இது போட்டால் முடி வளருமோ?"

"இருக்கிறதைக் கொட்டாமப் பாக்கலாம்... போனதைக் கூப்பிட ஏலாது."

"கறுவா நல்ல வாசமாயிருக்கு. முகத்தில பூசினால்?"

"பூசினால், உங்களையும் ஆரோ ஃபோனில படம் எடுத்துக்கொண்டு இஞ்ச வரவேண்டிவரும்."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குள்ளே மட்டும் ஏதோ தடுக்கி விழுந்தது.

இப்போது அவள் யாருக்கும் சும்மா போத்தலைக் கொடுப்பதில்லை. வீட்டில் அடுப்புக் காய்கிறது என்று அவசரப்படுகிறவர்களையும் நிறுத்தி, முழங்கையின் உள்பக்கத்தில் கலந்த எண்ணெய் ஒரு துளி வைத்துக் காட்டினாள். சவரம் செய்த இடத்தில் பரு என்று பிரதீஸ் டீ ட்ரீ கேட்டபோது, அவனுடைய கையிலும் வைத்தாள். விரல் நுனி பட்ட இடத்தை விட்டு அவன் கண் எடுக்கவில்லை.

"ஒரு நாள் பொறுத்துப் பாக்கவேணும். சிவக்காட்டி முகத்தில பூசலாம்."

"அப்ப நாளைக்கும் வரத்தானே வேணும்..."

இப்படியே மூன்று மாதம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜாபிர் நானா ஜும்மாவுக்குப் போயிருந்தார். மழை காலி வீதியை வெள்ளையாக மறைத்திருந்தது. பிரதீஸ் அன்று எந்தப் போத்தலையும் தொடவில்லை.

"அம்மாவிட்ட உங்களைப் பற்றிக் கதைச்சனான்."

அவள் கையிலிருந்த போத்தலை மேசையில் வைத்தாள்.

"அம்மாவுக்குச் சந்தோசம். றஷ்மிதான் குழப்பிறா. நீங்கள் ஒண்டுமே சொல்லேல்லையாம், பொய் சொல்றீங்களாம். நான் அண்டைக்கு அவவை ஏசினதிலயிருந்து என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. மாப்பிள்ளைப் பெடியன் நல்லவன், தாய்க்காரிதான் றஷ்மிக்கு என்ன நோயோ எண்டு பயணத்தைத் தள்ளிப்போட்டவ. அந்த ஆத்திரம் அவவுக்கு." அவன் குரல் தணிந்தது. "நான் உங்கட பக்கம்தான், துஷா. புதுக்கடையில நாள் முழுக்கப் பொய் கேக்கிறவன் நான். உங்கட கண்ணைப் பாத்தாலே தெரியும்."

சும்மா இருந்தால் போதும். இந்த மனிதன் அவளுக்குத்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை, சொந்த வீட்டுக்குள்ளேயே யாரும் நம்பாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்... அவ்வளவுதானே?

"பிரதீஸ்... றஷ்மி சொன்னதுதான் சரி."

அவன் விளங்காமல் பார்த்தான்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. எல்லாம் தெரிஞ்சும் சொல்லேல்லை. அவ அவ்வளவு சந்தோசமா நிண்டா... எனக்குப் பாக்க ஏலாமப் போச்சு. அவ கெதியாப் போனால் போதும் எண்டிருந்தது. பிறகு நீங்கள் கேக்கேக்க நானா இருந்தார், பயத்தில பொய் சொன்னன். அரைக் காது எண்டு உங்களைச் சொல்ல வைச்சதும் நான்தான்."

வெளியே பஸ் ஒன்று நின்று, "கொட்டுவ, கொட்டுவ" என்று கோட்டைக்கு ஆள் கூப்பிட்டுவிட்டுப் போனது. பிரதீஸ் ஃபோனை எடுத்து றஷ்மியின் நம்பரை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தான்.

"அவவிட்டச் சொல்லுங்கோ."

சொன்னாள். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல்.

"அண்ணா பக்கத்தில நிக்கிறாரோ?" றஷ்மியின் குரல்.

"ஓம்."

"இதைக் கேட்டபிறகு அவர் இனி உங்களிட்ட வரமாட்டார்."

"தெரியும்."

"பிறகேன் இப்ப சொல்றீங்கள்?"

துஷாந்தினி மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவரை எனக்கு விருப்பம், றஷ்மி. நான் இதை இன்னும் அவரிட்டயே சொல்லேல்லை. அவர் உங்களை விட்டுட்டு என்னை நம்பிக்கொண்டு நிக்கிறார்... அதைப் பாக்க ஏலாது."

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது. பிரதீஸ் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டான். "றஷ்மி... நான் உன்னைத்தான் நம்பியிருக்கவேணும். அழாதை. வாறன்."

ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே நின்றான், திரும்பாமல்.

"கொஞ்ச நாளைக்கு நான் இஞ்சால வரமாட்டன்."

"ஓம்."

"அம்மாவிட்டச் சொன்னதை மாத்திச் சொல்லப்போறேல்லை. எனக்கும் விருப்பம்தான், துஷா... அது போகேல்லை. ஆனா உங்களைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி றஷ்மி தன்ர வாயால சொல்லவேணும். அண்டைக்குத்தான் வருவன்."

அந்த நாள் வராமலே போகலாம் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. எப்போது என்று அவள் கேட்கவில்லை.

"அவ சொல்லும்வரைக்கும் நான் இஞ்சதான் நிப்பன்," என்றாள்.