இருநூறு மைல் தள்ளி ஒரு டப்பா பார்ட்டி

டெலிபோன் அடித்தபோது வெல்டா க்ரூஸ் பிளாஸ்டிக் மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஈரக் கையோடு எடுத்தாள்.

"வெல்டா க்ரூஸ்தானேம்மா? ஷெரிஃப் ஸ்வோபோடா பேசறேன், வடக்கேர்ந்து. சனிக்கிழமை எங்க பக்கம் ஒரு பண்ணை வீட்டுல பிளாஸ்டிக் டப்பா விக்கற பார்ட்டி நடத்தினீங்களா?"

"ஆமா. ரோஸெல்லா ஹாவ்லிக் வீட்டுல. ஏன், யாருக்காவது மூடி பொருந்தலியா?"

"அவ புருஷன் எமில் செத்துட்டான்."

வெல்டா குழாயை மூடினாள். கையில் ஒரு மூடி இன்னும் இருந்தது.

ஷெரிஃப் நிதானமாகச் சொன்னார். ஞாயிறு மதியம் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டெபுடிதான் பிணத்தைப் பார்த்தானாம். மாட்டுத் தீவனம் நிரப்பிய சைலோக் கோபுரத்துக்குள் கிடந்ததாம். புதுத் தீவனம் புளிக்கும்போது கிளம்பும் வாயு இரண்டு மூச்சில் ஆளை முடித்துவிடும். விபத்துதான். ஆனால் எமிலின் தம்பி குதிக்கிறான். நிரப்பிய வாரத்தில் அண்ணன் சைலோ பக்கமே போகமாட்டான், அண்ணிதான் ஏதோ செய்துவிட்டாள் என்கிறான். செத்தது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிறகு என்று பிணப் பரிசோதனை அதிகாரி எழுதிவிட்டார். அவர் பகலில் பர்னிச்சர் கடை நடத்துகிறவர். சோபாவைப் பற்றி என்றால் இன்னும் துல்லியமாகச் சொல்லியிருப்பார்.

"எமிலை உயிரோட கடைசியா எப்பம்மா பாத்தீங்க?"

எட்டு மணி வாக்கில், என்றாள் வெல்டா. சமையலறைக்குள் வந்தார். ஒரு பழ பன்னை எடுத்துக் கடித்தார். சைலோவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

"ரோஸெல்லா?"

"என் கூடவே இருந்தாங்க. அவ்ளோ தூரம் இருட்டுல ஓட்டாதேன்னு என்னைத் தங்க வெச்சாங்க. ஹீட்டர் இருக்கறது ஒரே ரூம்லதானாம், ரெண்டு பேரும் அதுலதான் படுத்தோம். விடியறப்ப அவங்கதான் என்னை வழியனுப்பினாங்க."

"அது போதும். டெபுடி ஒரு தாள் அனுப்புவான், கையெழுத்து போட்டு தபால்ல திருப்பிடுங்க. இவ்ளோ தூரம் உங்களை அலைய வைக்க வேணாம்னு அவனே சொல்லிட்டான். நல்ல பையன்." ஷெரிஃப் பெருமூச்சு விட்டார். "பாவம் எமில். அப்போ சோளம் பறிக்கிற மெஷின் மூணு விரலை எடுத்துக்கிட்டுது. இப்போ சைலோ மிச்சத்தை எடுத்துக்கிட்டுது."

வெல்டாவின் கையிலிருந்த மூடி நழுவித் தரையில் உருண்டது.

"எந்தக் கை?"

"வலது. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் பாக்கி. ஊரே அவனை 'குறடு'ன்னுதான் கூப்பிடும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

ரிசீவரை வைத்தாள்.

அது சும்மா இல்லை.

ஏனென்றால், சனிக்கிழமை அந்த மனிதனை நோக்கி ஒரு டப்பாவை வீசியவள் அவள்தான்.

*

டப்பா பார்ட்டியில் உயிரான இடம் அதுதான். டப்பாவில் திராட்சைச் சாறை ஊற்றி, மூடியை அழுத்தி, காற்றை விடுவித்து, சட்டென்று யார் மேலாவது வீச வேண்டும். பெண்கள் அலறுவார்கள். ஒரு சொட்டு சிந்தாது. ஆர்டர் குவியும். எந்த வீட்டிலும் ஆண்கள் அந்த நேரம் தொழுவத்தில் ஒளிந்துகொள்வார்கள். பலகார வாசனைக்கு ஒருத்தராவது வந்து தலையை நீட்டுவார். வெல்டா அந்த ஆள் மேல்தான் வீசுவாள்.

அன்று வந்தவன் வலது கையை ஜாக்கெட் பாக்கெட்டில் புதைத்திருந்தான். தொப்பி கண் வரைக்கும் இறங்கியிருந்தது. இடது கையால் பன்னைத் தின்றான்.

வெல்டா வீசினாள்.

பாக்கெட்டிலிருந்த கை வெளியே பாய்ந்தது. ஒற்றைக் கையில் டப்பாவைப் பிடித்தது.

ஐந்து விரல்கள்… அகல விரிந்த, முழுசான, ஐந்து விரல்கள்!

அந்த நொடியில் ரோஸெல்லாவின் முகம் வெளுத்ததை வெல்டா பார்த்தாள். கார்ப்பெட்டில் கறை விழுமோ என்ற பயம் என்று நினைத்தாள். கார்ப்பெட்டுக்காக வெளுக்கிற முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

இப்போது ஒவ்வொன்றாக உறைத்தது.

மாநிலக் கண்காட்சியில் அவள் கடை போட்டிருந்தபோது ரோஸெல்லா தானாக வந்து பார்ட்டிக்குத் தேதி கேட்டாள். உங்கள் ஊர்ப் பக்கமே டப்பா விற்கிறவர்கள் இருப்பார்களே என்று வெல்டா சொன்னபோது, "நீங்கதான் வேணும்" என்றாள். அப்போது இனித்தது.

வந்த விருந்தாளிகளில் நாத்தனார் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரி இல்லை. சர்ச் பெண்கள் ஒருத்தியும் இல்லை. ஏழு பேரும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் வான்கோழி வெட்டும் ஆலையில் வேலை செய்பவர்கள். ரோஸெல்லா அங்கே சேர்ந்தே சில வாரம்தான் ஆகியிருந்தது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று ஏழு பேரும் கேட்டார்கள்.

எல்லாவற்றையும் விட ஒன்று…

பார்ட்டி வைக்கிற வீட்டம்மாவுக்கு விற்பனைக்குத் தக்கபடி பரிசு உண்டு. அதற்காகத்தான் பார்ட்டியே வைப்பார்கள். ரோஸெல்லா பரிசைப் பற்றி மூச்சே விடவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு பெண்ணை வெல்டா பார்த்ததில்லை.

ரோஸெல்லாவுக்கு வேண்டியது டப்பா இல்லை. குறடு எமிலின் முகம் தெரியாத எட்டு பெண்கள். அதில் ஒருத்தி, இரவு வீடு திரும்ப முடியாத அளவுக்குத் தொலைவிலிருந்து வருகிறவள்!

எமில் சனிக்கிழமை மதியமே செத்திருக்க வேண்டும்; எட்டு மணிக்கு உயிரோடு இருந்ததாகக் காட்டத்தான் வேறொருவன் வந்தான்.

ஷெரிஃபைத் திரும்பக் கூப்பிட ரிசீவரை எடுத்தாள். பாதி எண்ணில் விரல் நின்றது.

இப்போது பேசியது ஷெரிஃப்தானா? ஷெரிஃப் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் கையில் எத்தனை விரல்? அன்று எமிலாக நடித்தவனே அவராக இருந்தால்? மாநிலப் போலீசுக்குச் சொல்லலாம். என்னவென்று? 'ஒரு ஆள் என் டப்பாவை நன்றாகப் பிடித்தான்' என்றா? அவர்கள் முதலில் போன் போடுவதே ஷெரிஃபுக்குத்தான்.

ரிசீவரை வைத்தாள்.

வைத்த கையோடு மறுபடி அடித்தது.

"வெல்டா கண்ணு… நான் ரோஸெல்லா."

அழுத குரல். ஆனால் மூக்கடைப்பு இல்லை. வெல்டா அதையும் கவனித்தாள்.

"கேள்விப்பட்டேன் ரோஸெல்லா. மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு."

"புதன்கிழமை அடக்கம். நீ அதுக்கெல்லாம் வர வேணாம் கண்ணு, தூரம். ஆனா வியாழக்கிழமை ஒரு புக்கிங் இருக்கு. என் சித்தி பொண்ணு, ஏரிக்கரை கேபின்ல இருக்கா. உன்னைப் பத்தி சொன்னேன், குதிக்கறா. எங்க வீட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ள போகணும். வழியில யாரையும் கேக்காத, குழப்பிடுவாங்க. நானே வளைவுல வந்து நிக்கறேன்."

புருஷனைப் புதைத்த மறுநாள் டப்பா பார்ட்டி.

"எத்தனை பேர் வருவாங்க?" வெல்டா தன் குரலைக் கடைக்காரியின் குரலாகவே வைத்துக்கொண்டாள்.

"வருவாங்க, வருவாங்க. நீ தனியாத்தானே வருவ? அப்புறம் அந்தத் தாள்ல கையெழுத்து போட்டு முதல்ல அனுப்பிடு. மறந்துடாத."

"மறப்பேனா? வியாழக்கிழமை வரேன்."

கையெழுத்து போய்ச் சேர்ந்ததும் அவள் அவர்களுக்குத் தேவையில்லை. ஏரி ஆழம். இருட்டில் வழி தவறிய ஒரு டப்பாக்காரி… பத்திரிகையில் நாலு வரி வரும்.

மற்ற ஏழு பேரை யாரும் தேடப் போவதில்லை. வேறு மாநிலம்.

வெல்டா ஆர்டர் தாள்களை எடுத்தாள். முதல் எண்ணைச் சுழற்றினாள்.

மேவிஸ். வான்கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசைக்குத் தலைவி. அன்று வீட்டையே அதிர வைத்துச் சிரித்தவள்.

வெல்டா எல்லாவற்றையும் சொன்னாள். மேவிஸ் நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

"ஏம்மா, அந்த ஆளுக்கு அஞ்சு விரலும் இருந்துது," என்றாள் கடைசியில். "கத்தி புடிக்கறவ நான். ஒருத்தரைப் பாத்தா மூஞ்சியைப் பாக்க மாட்டேன், விரலைத்தான் எண்ணுவேன். இப்ப என்ன பண்ணணும்?"

"புதன்கிழமை அடக்கத்துக்கு வரணும். ஏழு பேரும்."

"யாருன்னு கேட்டா?"

"கையில ஒரு டிஷ் இருந்தா சாவு வீட்டுல எவன் கேப்பான்?"

மேவிஸ் யோசித்தாள். "சீஸ் போட்ட உருளைக்கிழங்கு கொண்டாரேன்," என்றாள்.

*

புதன்கிழமை.

அடக்கம் முடிந்து எல்லோரும் சர்ச்சின் அடித்தளக் கூடத்துக்கு இறங்கியிருந்தார்கள். மேஜை முழுக்க ஹாம் ரொட்டி, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, காபி.

வெல்டா படி இறங்கினாள். மேவிஸ் கூட்டத்தை இன்னும் காணோம். வழியில் மழை.

முதலில் ஷெரிஃபைத் தேடினாள்.

காபி டிரம்மின் பக்கத்தில், மார்பில் ஷெரிஃப் நட்சத்திரம் குத்திய ஒரு கிழவர். பீப்பாய் உடம்பு. வெள்ளை மீசை. அன்று வந்தவன் இல்லை!

மூச்சு வந்தது.

பாதிதான் வந்தது. மீதி அப்படியே நின்றது.

கறுப்பு உடையில் ரோஸெல்லா. அவள் நாற்காலிக்குப் பின்னால், யூனிஃபார்மில், ஒரு இளைஞன் கோப்பையோடு நின்றான். கோப்பையைச் சுற்றி நீளமான ஐந்து விரல்கள்.

சட்டைப் பையின் மேல் பெயர்: டெபுடி கேலன் ரீட்ஸ்.

'நல்ல பையன்.'

பிணத்தைப் பார்த்தவன் அவன். தாளை அனுப்பியவன் அவன். வர வேண்டாம் என்றவனும் அவன்!

அவனும் அவளைப் பார்த்துவிட்டான். கோப்பையை வைத்தான். சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் பேசினான்.

"வர வேணாம்னு சொன்னோமே மேடம். தாள்?"

"பையில இருக்கு."

"கையெழுத்து?"

"பேனா எழுதல."

அவன் கை அவள் முழங்கையைப் பிடித்தது. வெளியே பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை. உள்ளே எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது.

"வாங்க, கார் வரைக்கும் கொண்டு விடறேன். மழைல ரோடு மோசம். வெளியூர்க்காரங்க இங்க அடிக்கடி பள்ளத்துல போயிடறாங்க."

ஷெரிஃபைப் பார்த்துக் கத்தலாம். யார் நம்புவார்கள்? துக்க வீட்டில் ஒரு டப்பாக்காரிக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள். 'நல்ல பையன்' அவளை அணைத்து வெளியே கூட்டிப்போவான்.

ஒரு படி ஏறினான். அவளும் ஏறினாள்.

இரண்டாவது படி.

மேலே கதவு தடாலென்று திறந்தது.

ஏழு பெண்கள். மழையில் நனைந்த ஏழு தலைகள். ஏழு கையிலும் மூடி போட்ட பாத்திரம். முன்னால் மேவிஸ், சீஸ் மணக்க இறங்கினாள்.

அவனைப் பார்த்தாள். நின்றாள்.

பிறகு மெதுவாக, கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அடடே, மிஸ்டர் எமில் ஹாவ்லிக். நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னாங்களே."

கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின.

கேலன் சிரிக்கப் பார்த்தான். "ஆள் மாறிடுச்சும்மா. நான் டெபுடி."

"சனிக்கிழமை எங்க முன்னாடி பன்னு தின்னப்ப அப்படிச் சொல்லலியே? உங்க சம்சாரம்தானே 'இதான் எங்க வீட்டுக்காரர் எமில்'ன்னு காட்டினாங்க?" பாத்திரத்தை வெல்டாவிடம் தள்ளிவிட்டு, அவன் வலது கையை இழுத்துக் குலுக்கினாள். "உங்க சாவுக்கு ரொம்ப வருத்தப்படறோம்."

அவளுக்குப் பின்னால் அடுத்தவள் வந்தாள். கையைக் குலுக்கினாள். "நல்ல மனுஷர். போயிட்டீங்க."

அடுத்தவள். "கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டீங்க."

எமிலின் தம்பி ஜெல்லித் தட்டைக் கீழே போட்டான்.

ஷெரிஃப் ஸ்வோபோடா காபியை மேஜையில் வைத்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக நடந்து வந்தார். மேவிஸின் பிடியில் இருந்த கையைப் பார்த்தார். வெல்டாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு போன்ல 'எந்தக் கை'ன்னு கேட்டீங்க," என்றார். "சும்மாதான்னீங்க."

"உங்க விரலை நான் அப்ப எண்ணலியே ஷெரிஃப்."

தன்னையும் சந்தேகித்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. பிறகு கேலனின் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிக்கொண்டார்.

"கேலன்… பையா… எமிலை சைலோ மேலேர்ந்து தள்ளினது நீயா, அவளா?"

கேலன் மேலே கதவைப் பார்த்தான். வாயைத் திறந்தது ரோஸெல்லா. நாற்காலியிலிருந்து எழுந்தவள், முகத்தில் தொங்கிய கறுப்பு வலைத்துணியைப் பிய்த்து எறிந்தாள்.

"கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்காதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எடுத்தான் பாரு, டப்பா புடிக்க… மடையன்."

ஷெரிஃப் இரண்டு பேருக்கும் விலங்கு மாட்டினார். மேவிஸ் தன் பாத்திரத்தை வெல்டாவிடமிருந்து வாங்கி, மூடியைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

படியருகே ரோஸெல்லா நின்றாள். வெல்டாவை எரிப்பதுபோல் பார்த்தாள்.

"வியாழக்கிழமைதானேடி வரேன்னு சொன்ன?"

"பார்ட்டி வெச்சவங்களுக்குப் பரிசு உண்டு ரோஸெல்லா. நீங்க கேக்கவே இல்ல," என்றாள் வெல்டா. "அதான் ஒரு நாள் முன்னாடியே வந்து குடுத்துட்டுப் போறேன்."