செயின் புளொக்கில் ஒரு சந்தனப் பொட்டு

யசிந்தா வந்து இறங்கியபோது மணி மூன்று. கொக்குவிலில் பிரதீபாவின் வீட்டு வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சுபாஸ்கரன், அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடியதைக் கண்டதும் துணியை எறிந்துவிட்டுப் பின்னால் போனான். பிரதீபா பாரம் தூக்கும் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவள். எங்கே எது விழுந்தாலும் ஆட்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். அவளை அங்கெல்லாம் ஏற்றிப் போவது சுபாஸ்கரனின் தொழில். அவளுக்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அது இன்றுவரை ஒருமுறையும் பலிக்கவில்லை.

"அஞ்சு மணிக்குள்ளை குற்றத்தை ஒத்துக்கொள்ளாட்டி என்ரை மனுசனைப் பொலிசிலை குடுக்கப் போகினமாம், அக்கா!"

அழுகைக்கு நடுவே விசயம் வெளிவந்தது. அவளுடைய கணவன் ஜெரிசன், உரும்பிராயில் சோமசேகரத்தின் உழவு மெசின் திருத்தும் கராச்சில் வேலை செய்கிறான். நேற்று முன்தினம், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் புளொக்கில் தொங்கிய எஞ்சின் விழுந்து, சோமசேகரத்தின் மகன் நிருஷனின் கால் நசுங்கிவிட்டது. ஆசுப்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தாயிற்று. ஜெரிசன் வேண்டுமென்றே அதை இழுக்கும் கைச்சங்கிலியை விட்டுவிட்டான் என்கிறார் சோமசேகரம்.

"ரெண்டு பேருக்கும் ஏதும் பகையோ?" என்று பிரதீபா அமைதியாகக் கேட்டாள்.

"அதுக்கு முதல்நாள் வாய்த்தர்க்கம். தொங்கிற சாமானுக்குக் கீழை நிக்காதை எண்டு இவர் ஏசினவர். இனி நிண்டியெண்டால் நானே உன்ரை காலை முறிப்பன் எண்டும் சொல்லிப்போட்டார்."

போச்சு, ஆள் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான் என்று சுபாஸ்கரன் நினைத்தான்.

"புளொக்கைக் கடைசியா ஆர் சர்வீஸ் செய்தது?"

"வழமையா இவர்தான். ஆனால் நாங்கள் தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு மன்னாருக்குப் போய் ஒரு கிழமை நிண்டனாங்கள். விஜயதசமிக்கு அடுத்த நாள்தான் வந்தது. வந்த அண்டைக்குத்தான் அந்த வாய்த்தர்க்கம்."

"இப்ப அவர் எங்கை?"

"குருநகரிலை, வீட்டிலை. உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு கிடக்கு. நான்தான் வாயிலை சோறு தீத்திறன்."

பிரதீபா டோர்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூவரும் கராச்சுக்குள் நுழைந்தபோது நாலேகால். ஆயுத பூசையின் பூமாலைகள் வாடித் தொங்கின. கூரையைத் தாங்கிய நடு வளையில், அலுமினியப் பெயின்ற் பளபளக்க, செயின் புளொக் இருந்தது. அதில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு. கீழே இன்னொரு எஞ்சின் ஆடாமல் தொங்கியது. பின்சுவரில் இருந்த கலண்டரில் முருகன் படத்தை எஞ்சின் மறைத்துக்கொண்டிருந்தது. கீழே திகதிகள் மட்டும் தெரிந்தன. நல்ல நேரம் இருக்கிறதா என்று சுபாஸ்கரன் கண்ணை ஓட்டினான். எழுத்து பொடியாக இருந்ததால் விட்டுவிட்டான்.

சோமசேகரத்தின் கண்கள் சிவந்திருந்தன. மனுசன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"புளொக்கிலை ஒரு பிழையுமில்லை, பிள்ளை. பூசைக்கு எல்லாச் சாமானையும் நானே கழட்டிக் கழுவி, எண்ணெய் விட்டு, பெயின்ற் அடிச்சு, பொட்டும் வைச்சனான். ஒருத்தரையும் தொட விடேல்லை. நம்பாட்டிப் பாருங்கோ, இப்பத்தான் இதைத் தூக்கி விட்டனான். அசையுதோ? உவன் சங்கிலியை விட்டபடியால்தான் விழுந்தது!"

பிரதீபா எஞ்சினுக்குச் சற்றுத் தள்ளி ஏணியைச் சாத்தச் சொல்லி ஏறினாள். டோர்ச் வெளிச்சத்தில் புளொக்கைச் சுற்றிப் பார்த்தாள். சந்தனப் பொட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"ஐயா, நீங்கள் தூக்கின பிறகு கைச்சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டோ நிக்கிறியள்?"

"பிடிக்கத் தேவையில்லையே. பிறேக் பிடிக்கும்."

"அப்ப ஜெரிசன் சங்கிலியை விட்டதாலை எப்பிடி விழும்?"

சோமசேகரத்துக்குக் கோபம் தலைக்கேற, எஞ்சினின் அடியில் போய் நின்று அதைக் கையால் அடித்தார். "எனக்குச் சட்டம் சொல்லாதை பிள்ளை! என்ரை மகன் இதே இடத்திலைதான்..."

அப்போதுதான் சுபாஸ்கரனுக்கு ஏதோ உறுத்தியது. வந்தபோது நின்ற அதே இடத்தில்தான் அவன் நின்றான். "அக்கா... வரேக்கை திகதிதான் தெரிஞ்சது. இப்ப திகதி மறைஞ்சு முருகன் தெரியிறார்!"

பிரதீபாவின் முகம் வெளிறியது. "எஞ்சின் இறங்குது, ஐயாவை இழு!"

சுபாஸ்கரன் பாய்ந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தான். இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். சங்கிலி கிறீச்சென்று ஓடியது. எஞ்சின் சோமசேகரம் நின்ற இடத்தில் இடித்து, சீமெந்துத் தரையைப் பிளந்தது. யசிந்தா சேசுவே என்று கத்திவிட்டாள்.

சங்கிலியை யாரும் தொட்டிருக்கவில்லை.

தூசி அடங்கியதும், பிரதீபா மறுபடியும் ஏணியில் ஏறிப் புளொக்கின் பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே பிறேக் தட்டு எண்ணெயில் மினுங்கியது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"சங்கிலிக்கு எண்ணெய் வேணும். பிறேக்குக்கு ஒரு துளியும் ஆகாது. அது காய்ஞ்சு கிடந்தால்தான் பிடிக்கும். எண்ணெய் பட்டால் கொஞ்ச நேரம் பிடிச்ச மாதிரி இருக்கும். மெல்ல மெல்ல வழுக்கும். பிறகு விட்டுப்போடும்."

"ஜெரிசனே கோபத்திலை எண்ணெய் விட்டிருந்தால்?" சுபாஸ்கரனுக்கு இன்னும் ஆசை விடவில்லை.

"சந்தனப் பொட்டு மூடியிலை பாதி, புளொக்கின்ரை உடம்பிலை பாதி இருந்தது. காய்ஞ்சுபோய், இப்ப நான் கழட்டுமட்டும் ஒரு வெடிப்பில்லை. பொட்டு வைச்ச பிறகு ஒருத்தரும் மூடியைத் திறக்கேல்லை. வைக்க முதல் ஜெரிசன் மன்னாரிலை."

சுபாஸ்கரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். மிஞ்சியது ஒரே ஆள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இன்னொண்டு. சங்கிலியை விட்டவன்ரை கை உரியாது. ஓடுற சங்கிலியை எட்டிப் பிடிச்சவன்ரை கைதான் உரியும். அவர் பிடிச்சு வேகத்தைக் குறைச்சபடியால்தான் உங்கடை மகனுக்கு விரலோடை போச்சுது, ஐயா."

சோமசேகரம் தரையில் இருந்தபடியே அந்தத் தட்டைக் கையில் வாங்கினார். முகர்ந்து பார்த்தார். மூலையில் இருந்த எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். "எண்ணெய் விடாமல் ஒரு சாமானைப் பூசையிலை வைக்கக் கூடாதெண்டு..." கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

அவரை வெறுக்கத்தான் யசிந்தா வந்திருந்தாள். இப்போது அவளால் அது முடியவில்லை.

"பிள்ளை," என்றார் அவர், அவளை நிமிர்ந்து பார்க்காமல். "அவன் சாப்பிடுறானோ?"

"நான்தான் தீத்திறன், ஐயா."

சோமசேகரம் வாய்விட்டு அழுதார். சுவர் மணிக்கூட்டில் ஐந்து ஆனதை ஒருவரும் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் எழுந்து, சுபாஸ்கரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓட்டோ வரை நடந்தார்.

"ஆசுப்பத்திரிக்கோ, ஐயா?"

"முதல் குருநகருக்கு விடு, தம்பி. மகனிட்டைச் சொல்ல முதல் ஜெரிசனிட்டைச் சொல்லோணும்."